அண்ணி உப்பு போட்ட டிரம்

எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கல்லூரியில் படித்த வேதியியலில் பெரும்பகுதி மறந்துபோயிற்று. துத்தநாகத்தின் மேல் அமிலம் பட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் மறக்கவில்லை. அது ஞாபகம் வந்திருக்க வேண்டிய ஒரு வாரத்தில் வரவில்லை. அதைக்கூட யாராவது மன்னித்துவிடலாம். ஞாபகம் வந்த பிறகு ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே எங்கள் வீடு. அண்ணன், அண்ணி, நான் என்று மூன்றே பேர். நான் எட்டாவது படிக்கும்போதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அண்ணன் என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு. ஏழு எலுமிச்சை மரம், இரண்டு மாமரம், பாத்தி பாத்தியாகக் கத்தரியும் கொத்தவரையும் மிளகாயும், வேலியோரம் தானாக முளைத்த சுண்டைக்காய். அண்ணன் விடியலில் மூட்டை கட்டிப் பூந்தமல்லி சந்தைக்குக் கொண்டுபோவார். என்னைக் கல்லூரி வரைக்கும் படிக்கவைத்தது அந்த அரை ஏக்கர்தான்.

சந்தையில் விலைபோகாமல் திரும்பி வந்ததெல்லாம் அண்ணியின் கைக்குப் போகும். கத்தரிக்காயைக் கீறி உப்புநீரில் வேகவைத்துக் காயப்போடுவார். கொத்தவரை வற்றலாகும். மிளகாய் மோரில் ஊறி வெயிலில் காய்ந்து, மறுபடி மோரில் ஊறி மறுபடி காயும். சுண்டைக்காயை நசுக்கும்போது விதை கண்ணில் தெறிக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டே நசுக்குவார். மாங்காயும் எலுமிச்சையும் ஜாடிக்குப் போகும். சமையலறைக்குப் பக்கத்து இருட்டறையில் மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெள்ளையுமான பீங்கான் ஜாடிகள் வாயில் துணி கட்டி வரிசையாக நிற்கும். ஐப்பசி மழையில் தோட்டம் முழங்கால் தண்ணீரில் நிற்கும் நாட்களில் நாங்கள் சாப்பிட்டதெல்லாம் அந்த அறையிலிருந்துதான் வந்தது. ஈரக்கையோடு அந்த அறைக்குள் போக எனக்கு அனுமதி கிடையாது. அண்ணனுக்கும்தான்.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டில் ஊறுகாய் போட்டாலும் முதல் உப்பை ராசியான ஒரு கைதான் போட வேண்டும். அந்தக் கை போட்டால் வருடம் முழுக்கப் பூசணம் பூக்காது என்பார்கள். எங்கள் தெருவுக்கு அது அண்ணியின் கை. மாங்காய்க் காலம் வந்துவிட்டால் காலையிலேயே வாசலில் யாராவது நிற்பார்கள்.

"அண்ணி, காய் அரிஞ்சு வெச்சுட்டேன். வந்து ஒரு கை உப்பு போட்டுட்டுப் போயேன்."

அண்ணி தலைக்குக் குளித்து, கூந்தல் நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு போவார். கல்லுப்பை வலது கையால் மூன்று முறை அள்ளி ஜாடியில் போடுவார். போடும்போது பேசமாட்டார். போட்டு முடித்ததும் அந்த வீட்டுக்காரி மஞ்சளும் வெற்றிலையும் கொடுப்பாள். ஒரு கோடையில் முப்பது வீடு போய் வந்தார் என்று நினைக்கிறேன். உள்ளங்கை உப்பு அறுத்துச் சிவந்துகிடக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, "கை எரியுது" என்று பெருமையாகக் குறைப்பட்டுக்கொள்வார்.

அண்ணிக்குக் குழந்தை இல்லை. தெருவில் வளைகாப்பு என்றால் அவரையும் அழைப்பார்கள். ஆனால் வளையல் போட அழைக்கும்போது பார்வை அவரைத் தாண்டி அடுத்தவளிடம் போகும். அண்ணி அதற்குள் எழுந்து, சாப்பாடு பரிமாறுகிற பக்கம் போய்விடுவார். எல்லோருக்கும் முன்னால் அவரைக் கூப்பிட்ட ஒரே இடம் ஊறுகாய் ஜாடி. இது எனக்கு அன்றைக்கே தெரியும். பிறகு புரிந்துகொண்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அறுபதுகளின் பிற்பகுதியில் எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. இரும்புத் தகட்டுக்குத் துத்தநாகம் பூசி வாளியும் டிரம்மும் செய்கிற ஒரு நடுத்தரத் தொழிற்சாலை. நாங்கள் ஜிங்க் என்றுதான் சொல்வோம். ஆய்வுக்கூடத்தில் நானும் ஒரு மேலாளரும்தான். என் அன்றாட வேலை இது: பூச்சுப் போட்ட தகட்டில் ஒரு துண்டு வெட்டி எடை போட வேண்டும். கண்ணாடி ஜாடியில் இருக்கும் அமிலத்தில் அதைப் போட வேண்டும். உடனே தகட்டின் மேலெல்லாம் குமிழி கிளம்பும். துத்தநாகம் முழுக்கக் கரைந்ததும் குமிழி நின்றுவிடும். எடுத்துக் கழுவித் துடைத்து மறுபடி எடை போட்டால், எவ்வளவு பூச்சு இருந்தது என்று தெரியும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டு. அந்தக் குமிழி நிற்பதற்காகக் காத்திருந்தே என் இளமையில் பாதி போயிற்று.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், எதிர்வீட்டு அக்காவின் மூத்த பெண்ணுக்கு வேப்பம்பட்டில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் வைகாசியில், எங்கள் தெருவிலேயே பந்தல் போட்டு. அக்கா அண்ணியிடம் வந்து நின்றார்.

"சமையலுக்கு ஆளு சொல்லிட்டேன். ஊறுகா மட்டும் நீதான். கடைல வாங்கிப் போட்டா ஊரே சிரிக்கும், பக்கத்துல உன்ன வெச்சுகினு."

"எத்தினி எலை?"

"நானூறு விழும். மாப்ள ஊட்டுக்காரங்க நாக்கு நீளம், இன்னும் அம்பது சேத்துக்க."

அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மரத்தில் எலுமிச்சை அந்த வருடம் இலையை மறைத்துக் காய்த்திருந்தது. பழத்துக்குக் கவலையில்லை. ஜாடிக்குத்தான் கவலை. எல்லா ஜாடியிலும் மாங்காய் ஊறிக்கொண்டிருந்தது. நாலு வீட்டில் மண்பானை இரவல் வாங்கலாம் என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்தேன்.

"பானையெல்லாம் எதுக்கு அண்ணி? எங்க கம்பெனியில புது டிரம் இருக்கு. ஒண்ணு கொண்டு வரேன். முந்நூறு பழம் வேணும்னாலும் ஒண்ணுலயே போடலாம்."

எங்களிடம் விளிம்பு நசுங்கின டிரம்களை ஒதுக்கிவைப்பார்கள். அவை வெளியே போகக் கூடாது. மறுபடி வெட்டி உருக்குவதற்குப் போக வேண்டியவை. ஒரு சாமான் வாசலைத் தாண்ட வேண்டுமானால் மேலாளர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். நான் சீட்டு வாங்கவில்லை. ஷிப்ட் மாறுகிற கூட்டத்தில் டிரம்மைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளின் பின்னால் கட்டினேன். காவலாளி தெரிந்தவர். "இன்னா சார், கல்யாண சீரா?" என்று சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணி டிரம்மைத் தரையில் வைத்து விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுத் தடவினார். வெள்ளிபோல் பளபளத்தது.

"தம்பி, இதுல புளிப்பு போட்லாமா? ஈயம் போன பித்தளைல நாம மோர்கூட ஊத்தி வெக்கறதில்ல."

"பித்தளை களிம்பு பிடிக்கும் அண்ணி. இது அப்படியில்ல. பத்து வருஷம் மழையில கிடந்தாலும் துருப்பிடிக்காது. அதுக்காகத்தானே பூச்சே போடறாங்க."

"நீ படிச்ச புள்ள. நீ சொன்னா செரி."

அண்ணன் அங்கேதான் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். "கேட்டுக்க. நாளைக்கு உப்புகூட அவன கேட்டுத்தான் போடணும்" என்றார். மூவரும் சிரித்தோம்.

மறுநாள் அண்ணி தலைக்குக் குளித்து வந்து உப்பு போட்டார். நறுக்கின பழம், உப்பு, மறுபடி பழம், உப்பு, அதன் மேல் பழச்சாறு. வாயில் துணி கட்டி இருட்டறையில் வைத்தார். தினமும் காலையில் மரக்கரண்டியால் ஒரு முறை கிளறிவிட வேண்டும். மூன்றாம் நாள் கிளறப் போனவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, தோ இங்க வந்து பாரு. நொர கட்டிகினு கீது. காது வெச்சா சத்தம்கூட கேக்குது."

நான் வேலைக்குக் கிளம்பி, சைக்கிளில் கை வைத்திருந்தேன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தேன். டிரம்மின் சுவரையொட்டிச் சின்னச் சின்னக் குமிழிகள் ஏறி வந்து உடைந்துகொண்டிருந்தன.

"ஊறும்போது நுரைக்கத்தான் செய்யும் அண்ணி. வெயில் அதிகம்."

"ஜாடில இப்டி நொரச்சதே இல்லியே."

"ஜாடியில இவ்வளவு பழம் போட்டிருக்கீங்களா?"

அவர் யோசித்துவிட்டு, "அதுவும் செரிதான்" என்றார். நான் அம்பத்தூருக்குச் சைக்கிளை மிதித்தேன். அன்று காலை பத்து மணிக்குக் கண்ணாடி ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்து, தகட்டிலிருந்து கிளம்புகிற குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பார்த்த அதே குமிழி. எலுமிச்சைச் சாறு அமிலம் என்பதை எந்தப் பள்ளிப் பையனும் சொல்லுவான். நானும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அமிலம் என்றால் எனக்குச் சீட்டு ஒட்டின கண்ணாடிப் புட்டி. அண்ணியின் இருட்டறையில் இருப்பது ஊறுகாய். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க என் படிப்புக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது குற்றமா என்று பல வருடம் எனக்குள் வழக்காடியிருக்கிறேன். அண்ணி இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நான் நின்று யோசிக்கவில்லை.

பத்து நாள் ஊறியது. மிளகாய்ப்பொடி, வெந்தயம், பெருங்காயம், காய்ச்சின நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்தார். கல்யாணத்துக்குப் போட்டதைப் பந்திக்கு முன்னால் யாரும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு. வாசனை பார்த்தே காரம் சொல்லுவார். முகர்ந்து பார்த்துவிட்டு, "நெறம் கொஞ்சம் மங்கல். மத்தபடி நல்லா வந்துகீது" என்றார்.

முகூர்த்தம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஊறுகாய் வாளியோடு நானே பரிமாறப் போனேன்.

"இன்னாபா, விரலால தொட்டு வெக்கிற? பொண்ணு ஊட்ல கஞ்சத்தனமா?" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"மாமே, மொதல்ல அத்த தின்னு. அப்புறமா கேளு" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"தயிர் சோத்துக்கு அப்டியே கவுத்துடு தம்பி. யாரு போட்டது இது?"

"எங்க அண்ணி."

"காரம் நல்லா கீது. இன்னாமோ காசு சப்புன மாதிரி ஒரு ருசி. உங்கூரு தண்ணி அப்டியோ?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தேன்.

முதலில் வாந்தி எடுத்தது அந்தத் தாய்மாமன்தான். சாப்பிட்டு அரைமணி நேரம் ஆகியிருக்காது. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வெயில் என்றார்கள். அடுத்து இரண்டு குழந்தைகள், பிறகு மாப்பிள்ளையின் அக்கா, அப்புறம் எண்ண முடியவில்லை. வேலியோரம் முழுக்க ஆட்கள் குனிந்து நின்றார்கள். இரண்டாம் பந்தி பாதியில் எழுந்தது. கல்யாணப் பெண் மணவறையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆவடியிலிருந்து ஒரு கம்பவுண்டரைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார்கள். அவர் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. அதற்குள் சமையற்காரர் விசாரணையை முடித்துவிட்டார்.

"என் சாம்பார என் புள்ளைங்களே துன்னுச்சுங்க, குத்துக்கல்லாட்டம் நிக்குதுங்க. ஊறுகா தொடாதவங்க ஒருத்தராச்சும் வாந்தி எடுத்தாங்களா? கேட்டுப் பாரு! ரெண்டு தபா வாங்குனவங்கதான் உழுந்து கெடக்குறாங்க."

அது உண்மை. எல்லோருக்கும் அது உண்மை என்று தெரிந்துபோயிற்று. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல், தணிக்காமலேயே, வந்தது.

"போட்ட கை எதுன்னு கேளு. புள்ள பெக்காத கையாம். கல்யாணத்துக்கு உப்பு போட வேற கையே கெடைக்கலியா இவங்களுக்கு?"

"வாய மூடுடீ" என்று எதிர்வீட்டு அக்கா சீறினார். ஆனால் அண்ணி கேட்டுவிட்டார். தண்ணீர்ச் சொம்போடு பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். சொம்பைக் கீழே வைத்தார். வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

நான் அவருக்கு முன்னால் ஓடி வீட்டுக்குப் போனேன். டிரம்மின் அடியில் மிச்ச ஊறுகாய் இருந்தது. அதைத் தோட்டத்தில் குழி தோண்டிக் கொட்டினேன். கிணற்றடியில் டிரம்மைக் கழுவி, வெயிலில் சாய்த்து உள்ளே பார்த்தேன். மேல்விளிம்பிலிருந்து நாலு விரல் ஆழம் வரை கொண்டுவந்த நாள்போலவே பளபளப்பு. அங்கே ஒரு கோடு. அதற்குக் கீழே ஊறுகாய் நின்ற இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் அரித்து, சொரசொரவென்று, இரும்பு தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் என் கையில் தினமும் வந்த தகடு அது. பூச்சு எங்கே போயிற்று என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை பேர் வயிற்றுக்கும் போயிருந்தது.

அண்ணி பின்கட்டுக்கு வந்தபோது நான் டிரம்மைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்க எடுத்துகினு போற?"

"ஆவடியில பழைய இரும்புக் கடையில போட்டுட்டு வரேன். இது நமக்கு வேணாம் அண்ணி."

"டிரம்மு இன்னா பண்ணுச்சு பாவம்? கழுவி தண்ணி புடிச்சு வெக்கலாமே."

கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். சாட்சியை அப்புறப்படுத்தப் போனேன்.

சீட்டு இல்லாமல் டிரம் எடுத்துவந்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால்தான் வாய் திறக்கவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. டிரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமலே, டிரம்தான் காரணம் என்று அண்ணியிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். அண்ணனிடமாவது சொல்லியிருக்கலாம். அவர்கள் என்னைக் காட்டிக்கொடுக்கிறவர்கள் அல்ல. மீதிப் பாதி உண்மை இது: அந்தத் தெருவில் பட்டம் வாங்கின முதல் ஆள் நான். கடிதம் படிக்க, மனு எழுத, மருந்துச் சீட்டைப் பார்த்து எத்தனை வேளை என்று சொல்ல, எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். அந்த மரியாதையில் ஒரு துளிகூட இழக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணியின் கையா, என் படிப்பா என்று வந்தபோது அண்ணியின் கையை விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை சமையலறையில் அண்ணனின் குரல் கேட்டது.

"இன்னா வெளையாட்டு இது? நீயே போட்டுக்க வேண்டிதான?"

"ஒரு கை உப்பு போட்டுட்டுப் போயேன். உனுக்கு இன்னா கஷ்டம்?"

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணி உப்புப் பானையை அண்ணனிடம் நீட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் திட்டிக்கொண்டே ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார். சரியாகவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோற்றுக்கும் குழம்புக்கும் உப்பு போட்டது அண்ணன்தான். அண்ணன் சந்தைக்குப் போய்விட்டால் அண்ணி என்னைக் கூப்பிடுவார். நானும் போடுவேன். உப்புப் பானைக்குள் கை விடும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

இருட்டறை ஜாடிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அடுத்த கோடையில் அவை கவிழ்த்துவைக்கப்பட்டன. விலைபோகாத கத்தரி மாட்டுக்குப் போயிற்று. எலுமிச்சை மரத்தடியிலேயே விழுந்து மஞ்சளாகிக் கறுத்தது. அந்த மழைக்காலத்தில் முதல் முறையாகக் கடையில் ஊறுகாய் வாங்கினோம். அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, "வினிகர் நாத்தம்" என்று தள்ளிவைத்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. கல்யாணம் ஆயிற்று. அம்பத்தூரில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு போனேன். போன பிறகு மாதம் ஒரு முறை வந்து பார்ப்பேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரமாட்டேன். அண்ணன் அதற்கு என் மனைவியைக் காரணமாக நினைத்தார். அந்தப் பழியையும் நான் மறுக்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் அண்ணன் மாரடைப்பில் போனார். சடங்கெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணியைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் சாக்கு விரித்து மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணி காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இனிமேல் சொன்னாலும் எந்த வீடும் அவரை உப்பு போட அழைக்காது. தாலியில்லாத கையை அழைக்கிற வழக்கம் இல்லை. உண்மையைச் சொல்வதற்கு இனி எந்த விலையும் இல்லை என்பதால்தான் எனக்குத் தைரியம் வந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

குமிழி, பூச்சு, கோடு, பழைய இரும்புக் கடை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு கேட்டார்.

"உனுக்கு இது எப்ப தெரிஞ்சிச்சு?"

"அன்னைக்கே. டிரம் கழுவினப்போ."

"அன்னிக்கேவா?"

"அன்னைக்கேதான் அண்ணி."

இப்போது கை நின்றது.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? எதுத்த ஊட்ல போய் சொல்லு. அந்தப் பொண்ணு மணவறைல உக்காந்து அழுதுச்சே, அவ அம்மாகிட்ட சொல்லு."

போனேன். எதிர்வீட்டு அக்கா பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் புரியாமல் விழித்தார்.

"அட, ஆமா. வாந்தி எடுத்தாங்கல்ல? அத்த எப்பவோ மறந்துட்டோம் தம்பி. எம்பொண்ணுக்கே மூணு பொறந்தாச்சு. உங்கண்ணியப் பேசுனாளே, அந்த வாயாடிகூட இப்ப எங்களுக்கு நெருங்குன ஒறவா ஆயிட்டா."

"அண்ணியை அதுக்கப்புறம் யாரும் உப்பு போடக் கூப்பிடலையே அக்கா."

"யாரு சொன்னது? மறு வருசமே போய் நின்னேனே, நானும் கோடி ஊட்டுக்காரியும். 'ஒருத்தி ஒளறுனா நாங்க இன்னா பண்ணுவோம், வா'ன்னு கையப் புடிச்சே இழுத்தேன். உங்கண்ணிதான் வரமாட்டேன்னுட்டா. 'என் கை கெட்டுப்போச்சு, உன் ஜாடியும் கெடணுமா'ன்னு கேட்டா. ரெண்டு வருசம் போய்க் கூப்ட்டு அலுத்துப்போச்சு."

தெரு அவரை ஒதுக்கிவிட்டது என்றுதான் நான் ஒன்பது வருடமும் நம்பியிருந்தேன். தெருவை நினைத்தே பயந்தேன், தெருவையே கொஞ்சம் குற்றமும் சொல்லிக்கொண்டேன். தெரு ஒரே வருடத்தில் மறந்துவிட்டிருந்தது. அண்ணியின் கையை அண்ணியிடமிருந்து எடுத்தது ஒரே ஒரு ஆளின் மௌனம்தான்.

திரும்பி வந்து, அக்கா சொன்னதைச் சொன்னேன்.

"ஆமா, கூப்ட்டாங்க" என்றார் அண்ணி. "நாந்தான் போவல."

"அவ ஒருத்தி பேசினதை நீங்க ஏன் நம்பினீங்க அண்ணி? கையில என்ன இருக்கு? உப்பு யார் போட்டாலும் உப்புதானே?"

இதைக் கேட்டேன் என்று எழுதவே கூசுகிறது. அத்தனைக்குப் பிறகும் எனக்குப் பாடம் நடத்தும் குரல்தான் வந்தது.

அண்ணி கிள்ளின காம்புகளை முறத்தில் கூட்டினார். அவர் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அவ பேசுனத நான் இன்னாத்துக்கு நம்பறேன்? ரெண்டத்தான் நான் நம்பிகினு இருந்தேன் தம்பி. என் கையும் உன் படிப்பும். அன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தப்பாப் போச்சு. உன் படிப்பு தப்புன்னு எனுக்குத் தோணவேயில்ல."

பிறகு எழுந்து, மிளகாய்ச் சாக்கின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். வெயில் நகர்ந்துவிட்டிருந்தது. இருவரும் அதை வெயில் இருந்த பக்கத்துக்கு இழுத்துப் போட்டோம்.